காருக்குச் சக்தி ஏற்றலாமா?

உங்கள் வீட்டு வாசலில் டர்போ வைத்த மோட்டார் கார் ஒன்று நிற்கிறதா? அப்படியானால், இன்றில்லாவிட்டால் நாளை, ஒரு புதிய பாஷை உங்கள் காதில் விழத்தான் போகிறது. 'ரீமேப்' என்பார்கள். 'ஸ்டேஜ் ஒன்று, ஸ்டேஜ் இரண்டு' என்பார்கள். "ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம், அம்மா! ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து குதிரை கூடிவிடும்!" என்று ஆசை காட்டுவார்கள். இப்படிச் சொல்லுகிறவர் கல்லூரியில் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம். தலை நரைத்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். இந்த ஆசைக்கு வயது வித்தியாசம் கிடையாது. ஏன், காரை ஓட்டுகிறவர் நீங்களாகவே இருந்து, நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது, 'இன்னும் கொஞ்சம் இழுத்தால் தேவலையே' என்று நீங்களே நினைத்திருக்கலாம்.

பேச்சு எழுந்ததும் வீடுகளில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கிறது. "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். பிள்ளையாண்டான் சொல்லாமல் கொள்ளாமல் செய்துகொண்டு வந்து நிற்பான். அல்லது, "எனக்கென்ன தெரியும், எதையோ செய்யுங்கள்" என்று விட்டுவிடுவோம். கியர் பெட்டிக்கு பில் வரும்போதுதான் விஷயம் தெரியவரும். இரண்டும் வேண்டாம். என்னென்ன வழிகள் இருக்கின்றன, எந்த வழி எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டு பேசலாம். குடும்பம் முழுவதும் ஏறிப் போகிற வண்டி அல்லவா?

முதலில், டர்போ என்பது என்ன?

இஞ்சின் ஓர் அடுப்பு. அதில் ஒரு பங்கு பெட்ரோல் ஒழுங்காக எரிய வேண்டுமானால், எடைக்கு எடை சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். காற்றை உள்ளே திணிப்பதுதான் பிரம்மப் பிரயத்தனம். நம் பாட்டிமார் அடுப்பில் ஜுவாலை எழுப்ப ஊதாங்குழல் வைத்து ஊதினார்கள். டர்போவும் ஊதாங்குழல்தான். ஆனால் ஊதுகிறது யார் என்பதில்தான் வேடிக்கை! அடுப்பிலிருந்து வெளியே போகிற புகையே ஊதுகிறது. புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. அதே அச்சின் மறு நுனியில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் சக்கரம். நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்றுக்கூடச் சுற்றும். பெட்ரோல் காரில் அதன்மேல் அடிக்கும் புகையின் உஷ்ணம் 900 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்.

காற்று கூடினால் தீ கூடும்; தீ கூடினால் புகை கூடும்; புகை கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று இன்னும் காற்றைத் தள்ளும். இதற்கு ஒரு முடிவு வேண்டாமா? நம் பிரஷர் குக்கரின் தலையில் வெயிட் உட்கார்ந்திருக்கிறதே, அதே வேலையைச் செய்ய டர்போவில் 'வேஸ்ட்கேட்' என்று ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அழுத்தம் போதும் என்றானதும் அது திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தின் மேல் படாமல் வெளியே அனுப்பிவிடும். டியூனிங் என்ற பெயரில் நடக்கும் காரியங்களில் பாதி, இந்த வெயிட்டைக் கொஞ்சம் கனமாக்குவதுதான்.

கனமாக்கினால் என்ன ஆகும்? சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? நாலு அடி அடித்ததும் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். அமுக்கிய காற்று சூடாகும், அது இயற்கை. அதனால்தான் டர்போவுக்கும் இஞ்சினுக்கும் நடுவே 'இன்டர்கூலர்' என்ற காற்று ஆற்றும் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அது ஆற்றக்கூடிய அளவுக்கு மேல் சூடு ஏறிவிட்டால் ஆபத்து. தாளிக்கும்போது எண்ணெய் மிதமாகக் காய்ந்திருந்தால் கடுகு ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிகிறது. எண்ணெய் முறுகிவிட்டால்? போட்ட மாத்திரத்தில் எல்லாம் சேர்ந்து வெடித்து முகத்தில் தெறிக்கிறதல்லவா? இஞ்சினிலும் அப்படியே. பிளக்கின் பொறி பற்ற வைத்த தீ, அறைக்குள் வரிசையாகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே மூலையிலிருக்கும் பெட்ரோல் கலந்த காற்று தானாக வெடித்துவிடும். இதற்கு 'நாக்' என்று பெயர். சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம். ஓரிரு தட்டுக்கு ஒன்றும் ஆகாது. தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும்.

டர்போ டியூனிங்கின் கதை முழுவதும் இந்த நாக்கிலிருந்து தப்பிப் பிழைக்கும் கதைதான்.

ஊதாங்குழல் யோசனை நேற்று வந்ததல்ல. ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூஷி என்ற இஞ்சினீயர் 1905-ம் வருஷமே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1918-ல் அமெரிக்காவில் ஸான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான இஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே கொண்டுபோனார். 14,000 அடி உயரம். காற்று மெலிந்து போயிருக்கும் இடம். தரையில் 350 குதிரைச் சக்தி காட்டிய இஞ்சின், அங்கே 230-தான் காட்டியது. டர்போவை மாட்டியதும் 356! மலை மேல் இழந்ததை மீட்டுக் கொடுப்பதுதான் டர்போவின் ஆதி உத்தியோகம். இந்தச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊட்டிக்குப் போகும்போது தேவைப்படும்.

சாதாரண ஜனங்கள் ஓட்டும் காரில் டர்போ வந்தது 1962-ல். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அந்த ஒரே வருஷத்தில் இரண்டு கார்களை இறக்கியது. அவற்றில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற காரின் கதை, நம்மைப் போன்ற இல்லறத்தாருக்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது. மூன்றரை லிட்டர் இஞ்சின். 215 குதிரைச் சக்தி. நாக்குக்குப் பயந்து இஞ்சினீயர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். வடிகட்டிய தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனிச் சீசாவில் வைத்து, டர்போ கடுமையாக வேலை செய்யும்போது அதை இஞ்சினுக்குள் தெளிக்கச் செய்தார்கள். கொதிக்கிற குழம்பில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் பொங்கல் அடங்குகிறதே, அது போல. 'டர்போ ராக்கெட் திரவம்' என்று அதற்குப் பிரமாதமான பெயர் வேறு!

யோசனை அபாரம். ஆனால் காரை வாங்கியவர்கள் சீசாவை நிரப்ப மறந்துபோனார்கள். சீசா காலியானால் காற்றின் அழுத்தம் தானாகக் குறையும்படி ஏற்பாடு இருந்தது; குறைந்ததும், 'வண்டி இழுக்கவில்லை' என்று புகார். அது போதாதென்று டர்போவிலும் ஓயாத தொல்லை. இரண்டு வருஷத்தில் பத்தாயிரம் கார்கூடத் தயாராகவில்லை, நிறுத்திவிட்டார்கள். பிறகு கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது.

அப்புறம் ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனியார் வேறு வழி கண்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த காரியம், இஞ்சினுக்கு ஒரு காது வைத்ததுதான். இஞ்சினின் உடம்பில் ஒட்டிய சிறு கருவி நாக் சத்தத்தை உற்றுக் கேட்கும். கேட்ட கணமே ஒரு மின்னணுப் பெட்டி டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். இன்று உங்கள் வீட்டு டர்போ பெட்ரோல் காரில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்தக் காதும் உண்டு. கண்களும் பல உண்டு. காற்றின் அழுத்தம், உஷ்ணம், தண்ணீரின் சூடு, புகையின் தன்மை எல்லாவற்றையும் நொடிக்குப் பலமுறை பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு காவல் இருந்தும் கம்பெனிக்காரர்கள் இஞ்சினின் முழுச் சக்தியையும் வெளியே எடுப்பதில்லை. கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். ஏன்? மட்டமான பெட்ரோல் ஊற்றுவீர்கள். சித்திரை வெயிலில் ஏ.ஸி.யைப் போட்டுக்கொண்டு ஐந்து பேரோடு மலை ஏறுவீர்கள். ஆயில் மாற்ற வேண்டிய தேதி தாண்டி மூன்று மாதம் ஆகியிருக்கும். இத்தனையும் தாங்கிப் பத்து வருஷம் ஓட வேண்டும். கடுகு டப்பாவுக்குள் நாம் போட்டு வைக்கும் ரூபாய் நோட்டு மாதிரிதான் அந்த மிச்சம். டியூனிங்காரர் உங்களுக்கு விற்பது, புதிதாகச் சிருஷ்டித்த சக்தியை அல்ல. உங்கள் கடுகு டப்பாவிலிருந்த பணத்தையே எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறார். எடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு எடுக்கிறார், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வழியையும் பார்த்து நாம் கேட்க வேண்டியது இதுதான்.

ஒரு வகைப் பெட்டி இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் பெடலோடு சேர்க்கிறது. அதை மாட்டியதும், "அடேயப்பா, பறக்கிறதே!" என்று தோன்றும். உண்மையில் ஒரு குதிரையும் கூடவில்லை. நீங்கள் கால் பங்கு மிதித்தால், முக்கால் பங்கு மிதித்ததாக அது கம்ப்யூட்டரிடம் போய்ச் சொல்லும், அவ்வளவே. இஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி துள்ளித் துள்ளி உயிரை வாங்கும். பெடலை நன்றாக மிதித்தால் வருகிற சக்தியைப் பெடலை லேசாக மிதித்துப் பெறுவதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது, 'டியூனிங் பாக்ஸ்' என்று சொல்லும் சமாசாரம். இது உண்மையிலேயே சக்தியைக் கூட்டும். கூட்டுகிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இது போய் உட்கார்ந்துகொள்கிறது. அழுத்தம் உண்மையில் அதிகமாக இருக்கும்போது, குறைவாக இருக்கிறது என்று பொய்க் கணக்கு எழுதிக் காட்டுகிறது. அதை நம்பி, "இன்னும் தேவை போலிருக்கிறதே" என்று கம்ப்யூட்டர் வேஸ்ட்கேட்டை மூடி மேலும் காற்றைத் தள்ளச் சொல்கிறது. டீசல் காரானால், டீசல் குழாயின் அழுத்தத்தைப் பற்றி இதே பொய். வாங்குவது சுலபம், நாமே மாட்டலாம், சர்வீஸுக்கு விடுமுன் கழற்றி வைத்துவிடலாம். இந்தச் சௌகரியங்களைத்தான் விற்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் பாருங்கள், காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டோம்! பெட்ரோல் காரில் காது மட்டும் மிச்சம். டீசல் காரில் பெரும்பாலும் அதுவும் நம்பத்தக்கதல்ல. கரும்புகையும் சூடும்தான் அடையாளம். கடுகு டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று, கணக்கு எழுதுகிறவருக்கே தெரியாத நிலை. எல்லாப் பெட்டியும் இத்தனை முரடல்ல. நல்ல கம்பெனிப் பெட்டிகள் பல கருவிகளையும் சேர்த்துப் பார்த்து நிதானமாகவே நடந்துகொள்கின்றன. ஆயினும் வேலையின் சுபாவம் ஒன்றுதான்.

ரீமேப் வேறு ஜாதி. கம்ப்யூட்டருக்குள் கம்பெனிக்காரர்கள் பெரிய சமையல் குறிப்புப் புஸ்தகம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். இஞ்சின் இத்தனை சுற்றுச் சுற்றும்போது, இத்தனை பாரம் இழுக்கும்போது, காற்று இத்தனை சூடாயிருக்கும்போது, எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி, எவ்வளவு அழுத்தம் என்று கட்டம் கட்டமாக ஆயிரக்கணக்கான எண்கள். டாஷ்போர்டின் கீழேயிருக்கும் சோதனைத் துளையில் வயரைச் சொருகியோ, கம்ப்யூட்டரையே கழற்றித் திறந்தோ, அந்தப் புஸ்தகத்தை வெளியே எடுத்துத் திருத்தி மறுபடி உள்ளே வைப்பதுதான் ரீமேப். இதில் யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை. கண்ணும் காதும் உள்ளபடி வேலை செய்கின்றன. அழுத்தத்தைக் கூட்டிய கையோடு பொறி விழும் நேரத்தையும் பெட்ரோலின் அளவையும் சேர்த்துத் திருத்தலாம். இஞ்சின் சூடேறினால் சக்தியைக் குறைத்துக்கொள் என்ற கம்பெனியின் கட்டளைகளைத் தொடாமல் விடலாம். அதனால் வழிகளுக்குள் ஒன்றைச் சொல்லித்தான் தீரவேண்டும் என்றால், நான் ரீமேப்பைத்தான் சொல்வேன்.

ஆனால் ரீமேப் என்பது ஒரு பொருளல்ல, ஒரு மனிதரின் கைவேலை. கெட்டிக்காரர் உங்கள் காரை ஓட்டிப் பார்த்து, அளந்து, உங்கள் காருக்கென்று எழுதுவார். மற்றவர் எங்கிருந்தோ வாங்கிய கோப்பு ஒன்றை எல்லார் காருக்கும் ஏற்றுவார். தொல்லை கொடுக்கும் எச்சரிக்கை விளக்குகளையும் அணைத்து வைத்துவிடுவார். இரண்டும் ஒரே பெயரில் விற்கின்றன. 'ஸ்டேஜ் ஒன்று' என்பதும் யாரும் சட்டம் போட்டு நிர்ணயித்த அளவல்ல. ஒருவரின் ஸ்டேஜ் ஒன்று இன்னொருவரின் ஒன்றரையாக இருக்கும். பொதுவாக, காரின் பாகங்களை மாற்றாமல் செய்வது ஒன்று. காற்று, புகைக் குழாய்களையும் இன்டர்கூலரையும் மாற்றிச் செய்வது இரண்டு. டர்போவையே பெரிதாக மாற்றுவது மூன்று. மூன்றாவது நமக்கு வேண்டாம். பெரிய சக்கரம் சுழன்று எழ நேரம் பிடிக்கும். நீங்கள் மிதித்து, அது விழித்து எழுந்து, பிறகு திடீரென்று பாயும். பந்தய மைதானத்துக்குச் சரி. ஸ்கூல் வாசலுக்கு அது எதற்கு?

ஒரு நிஜக் காரை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்ற கார் 2013-ல் நம் நாட்டில் வந்தது. டியூனிங் பிரியர்களின் செல்லப் பிள்ளை. போலோ தயாரிப்பு இங்கே 2022-ல் நின்றுவிட்டாலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் வந்தது 1.2 லிட்டர் டர்போ இஞ்சின். 105 குதிரைச் சக்தி. முறுக்கு விசை 175 நியூட்டன் மீட்டர். அதோடு ஏழு கியர் தானியங்கிப் பெட்டி. உள்ளே எண்ணெயில் நனையாத உலர்ந்த கிளட்ச் இரண்டு. அந்த கியர் பெட்டி தாங்கும் என்று கம்பெனி சொன்ன அளவு 250 நியூட்டன் மீட்டர். ஆக, 175-க்கும் 250-க்கும் நடுவே 75. கடுகு டப்பாவில் இருக்கிற பணம் அதுதான். ரீமேப் செய்கிறவர் விசையை 220-க்கு ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45-ஐ எடுத்தாயிற்று; மிச்சம் 30. திறந்த நெடுஞ்சாலைக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். அண்ணா சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு, நின்று நின்று ஊர்ந்து போகும்போது உலர்ந்த கிளட்ச் உரசி உரசிச் சூடாகிறதே, அந்தச் சூட்டுக்கும் இந்த 30-லிருந்துதான் கொடுத்தாக வேண்டும். இஞ்சின் தாங்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, கியர் பெட்டி தாங்குமா என்பது. கையால் கியர் போடும் காரானால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். அதை மாற்றிக்கொள்ளலாம், செலவும் குறைவு. தானியங்கிப் பெட்டி போனால் அடுத்த தீபாவளிப் புடவைகளை மறந்துவிட வேண்டியதுதான்.

பெட்ரோல் விஷயம் இன்னும் முக்கியம். நாக்கை எதிர்த்து நிற்கும் சக்தியை 'ஆக்டேன்' எண்ணால் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் சாதாரணப் பெட்ரோலே 95. உயர்ந்த ரகம் 98. நம் நாட்டுச் சாதாரணப் பெட்ரோலுக்கு வெகு காலம் 91-தான் கணக்கு. 95-ம், 2020-ன் கடைசியிலிருந்து சில நகரங்களில் 100-ம், கூடுதல் விலைக்குக் கிடைக்கின்றன. ஜெர்மனியில் 98-க்கென்று எழுதிய குறிப்பை நம் காரில் ஏற்றி, கையில் கிடைத்த பெட்ரோலை ஊற்றினால் என்ன ஆகும்? காது நாக்கைக் கேட்கும்; கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும்; நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சக்தியை அதுவே பிடுங்கிக்கொள்ளும். சில நாளில் பழைய வண்டியைவிட மந்தமாகவே ஓடும்! இப்போது பங்குகளில் பெட்ரோலுடன் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் நாக்கை நன்றாக எதிர்க்கும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே சூடு கொடுக்கும். ஆகவே அதிகமாகத் தெளிக்க வேண்டும். நம் ஊர்ப் பெட்ரோலையும் நம் ஊர் வெயிலையும் வைத்து எழுதிய குறிப்பா என்று கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

இனி ஊட்டிக்கு வருவோம். அது 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். டர்போ இல்லாத கார் அந்த ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்து முனகும். டர்போ காரோ, சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழற்றி, சமவெளியிலிருந்த அழுத்தத்தையே கொடுக்கப் பார்க்கும். அப்படி வேகமாகச் சுழல்வதற்கென்று கம்பெனி வைத்த மிச்சத்தைச் சென்னையிலேயே செலவழித்துவிட்டால், பர்லியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சக்கரம் எந்த மிச்சத்தை எடுக்கும்? சமவெளியில் ஜோராக ஓடிய ரீமேப், மலை மேல் டர்போவை அளவுக்கு மீறிச் சுழலச் செய்வது இப்படித்தான். நல்ல குறிப்பில் உயரத்துக்கென்று தனிக் கட்டங்கள் இருக்கும். அவற்றைக் கம்பெனி எழுதியபடியே விட்டிருப்பார்கள்.

ஸ்டேஜ் இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பெரிய இன்டர்கூலர் போடுவது ஒன்றுதான் கடுகு டப்பாவில் பணம் போடுகிற காரியம். காற்றை ஆற்றுகிறது, நாக்கைத் தள்ளி வைக்கிறது. மற்றவையெல்லாம் எடுக்கிற காரியம். புகைக் குழாயை அகலமாக்கும் சாக்கில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே கழற்றி எறிகிறார்கள். சத்தம் கம்பீரமாக வரும், நாற்றமும் வரும். அந்தப் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் மூக்கில்தான் போய் ஏறுகிறது. இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. வண்டியின் பதிவுப் புஸ்தகத்திலுள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி குறித்தவற்றிலிருந்து மாறும்படி எதையும் மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் கொடுக்கிறது. கம்பெனியின் வாரண்டி காலத்தில் ரீமேப் செய்தால், "திரும்பப் பழையபடி மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்பார்கள். பல கார்களின் கம்ப்யூட்டர், தன்னை எத்தனை முறை திருத்தினார்கள் என்று எண்ணி வைத்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால், விபத்து நேர்ந்த பிறகு அவர்கள் பணம் தர மறுப்பதற்கு நாமே ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்தவர்களாகிறோம். கார் கம்பெனியே வாரண்டியோடு சக்தி கூட்டித் தந்ததும் உண்டு. வால்வோ கம்பெனி 'போல்ஸ்டார்' என்ற பெயரில் தன் விற்பனையாளர்கள் மூலமாகவே அப்படிச் செய்துகொடுத்தது. கூட்டிய அளவு கொஞ்சம்தான். கம்பெனிக்காரன் தன் கடுகு டப்பாவைத் தானே எண்ணிவிட்டு எடுத்தான்.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் வீட்டில் ஆசை தீரவில்லையா? முதலில் வண்டி தன் பழைய சக்தியோடு இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த பிளக், தூசி அடைத்த ஃபில்டர், காற்றுக் குழாயில் நூல் போன்ற ஒரு கீறல், இவற்றால் டர்போ கார்கள் இழக்கும் சக்தி கொஞ்சமல்ல. சில பேருக்கு இதைச் சரி செய்ததுமே ஆசை தீர்ந்துவிடுகிறது. அடுத்தபடி டயரும் பிரேக்கும். கூடுதலாக ஓடும் வண்டியைக் கூடுதலாக நிறுத்தவும் வேண்டுமே!

அதற்கும் பிறகு ரீமேப்தான் என்றால், நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். உருளைகளின் மேல் காரை ஓட விட்டுச் சக்தியை அளக்கும் 'டைனோ' என்ற யந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அன்றைக்கே, அதே யந்திரத்தில், முன்னும் பின்னும் அளந்த காகிதத்தைக் கேளுங்கள். வேறு ஊரில் வேறு யாரோ அளந்த எண் நமக்குப் பிரயோஜனமில்லை. உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல், நீங்கள் தினம் ஓட்டும் வேகத்தில் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். நாக் கேட்டதா, கம்ப்யூட்டர் பொறியை எவ்வளவு தாமதப்படுத்தியது என்ற பதிவையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் காபி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம். கம்பெனியின் பழைய குறிப்பைப் பத்திரமாகப் பிரதி எடுத்து உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

செய்துகொண்டு வந்த பிறகு, ஆயிலைக் கம்பெனி சொன்ன தூரத்துக்கு முன்னதாகவே மாற்றுங்கள். அந்த லட்சம் சுற்றுச் சக்கரம் மிதப்பது ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல்தான். மலை ஏறி வந்து காபிக்காகக் குன்னூரில் நிறுத்துகிறீர்களா? உடனே இஞ்சினை அணைத்துவிடாதீர்கள். சக்கரம் தணலாய்க் காய்ந்திருக்கும்போது ஆயில் நின்றுவிட்டால், அது அங்கேயே கருகிக் கரியாகும். கை பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். குழந்தைகளை இறக்கி, பிளாஸ்கை எடுத்து, சீட்டுக்கடியில் போன செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ள அந்த ஒரு நிமிஷம் சரியாக இருக்கும்.